சலத்தில் அல்புமின்: ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், பிறகு?

14.05.2024 – சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அப்பாவுக்கு 58 வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், ஐந்து வருடமாகப் பிரஷர். போன கிழமை எடுத்த யூ.எஃப்.ஆர் (முழுச் சிறுநீர்ப் பரிசோதனை) அறிக்கையில் அல்புமின் இரண்டு பிளஸ் என்று இருக்கிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் 1.3. முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் அம்மா நிறுத்திவிட்டார். புரதம் சாப்பிடாவிட்டால் சலத்தில் புரதம் போவது நிற்கும்தானே? இன்னும் எத்தனை வருடத்தில் டயாலிசிஸ் வரும்?

14.05.2024, இரவு

நிற்காது. அம்மாவிடம் சொல்லி மீனையும் பருப்பையும் திரும்ப அடுப்பில் ஏற்றும்.

சலத்தில் போகும் அல்புமின் நேற்றுச் சாப்பிட்ட சூடை மீனிலிருந்து வருவதில்லை. ஈரல் செய்து இரத்தத்தில் விட்ட புரதம் அது. சிறுநீரகத்தின் வடி பழுதானதால் கசிகிறது. சாப்பாட்டில் புரதத்தை ஒரேயடியாக வெட்டினால் அப்பாவின் தசை கரையும். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தசை கரைந்தால் அதுவும் குறையும். சுகம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவீர்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பதுதான் சிறுநீரக வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். அளவை மீறாதே என்பதுதான் அதன் பொருள், பட்டினி கிட என்பதல்ல.

டயாலிசிஸ் எப்போது என்பதற்கு ஒரு யூ.எஃப்.ஆர் தாளை மட்டும் வைத்துப் பதில் சொல்பவன் சாத்திரி. நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் சலமும் இரத்தமும் பார்த்துக் களைத்தவன். வைத்தியனும் அல்ல, சாத்திரியும் அல்ல.

15.05.2024

காலையில் தேத்தண்ணீரோடு மறுபடி வாசித்தேன். இரண்டு பிளஸ் என்றால் என்ன என்பதை நேற்றுச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சலத்தில் தோய்க்கும் குச்சியில் உள்ள மஞ்சள் சதுரம் அல்புமின் பட்டால் பச்சையாகும். எவ்வளவு பச்சை என்பதைப் போத்தலில் ஒட்டிய நிறப் பட்டியலோடு கண்ணால் ஒப்பிட்டுப் பிளஸ் போடுகிறோம். ஒரு பிளஸ் என்றால் டெசிலீட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம், இரண்டு என்றால் 100, மூன்று என்றால் 300. ஆனால் அது செறிவு மட்டுந்தான். இந்த வைகாசி வெயிலில் அரை நாள் தோட்டத்தில் நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல், தேன் நிறத்தில் ஒரு சலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சின்னக் கசிவும் பெரிய பிளஸாகத் தெரியும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் உண்மையான கசிவே மறைந்துவிடும்.

அதனால்தான் ஏ.சி.ஆர் என்ற பரிசோதனை. சலத்திலுள்ள அல்புமினை அதே சலத்திலுள்ள கிரியேட்டினினால் வகுத்துக் கணக்கெடுப்பது. நீர்த்த சலமோ தடித்த சலமோ, இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவதால் வகுத்து வரும் எண் பெரிதாக அசையாது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சரி. 30 முதல் 300 வரை கவனிக்க வேண்டிய கசிவு. 300க்கு மேல் கடுமையான கசிவு. காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சலம் நல்லது. காய்ச்சல், சலக்கடுப்பு, முதல் நாள் கடும் உடல் வேலை இருந்தால் அன்று கொடுக்க வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து இரண்டு முறையாவது கூடுதலாக வந்தால்தான் நம்புவது.

அல்புமின் இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம்.

15.05.2024, பின்னேரம்

கிரியேட்டினின் 1.3 பற்றி ஒரு சொல். அது எல்லோருக்கும் ஒரே 1.3 அல்ல. 58 வயது ஆணுக்கு அது ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிக்கும் அளவு, மில்லிலீட்டரில்) ஏறக்குறைய 64. அதே 1.3 எழுபது வயது அம்மா ஒருவருக்கு வந்தால் 44. அம்மாவின் அறிக்கையைப் பார்த்து "அப்பாவுக்கும் இதேதானே" என்று மடித்து வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

21.05.2024

"இவ்வளவு தெரிந்த உங்களுக்கு ஒன்றும் இல்லையா?" என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். இருக்கிறது அக்கா.

2015ஆம் ஆண்டு. புதிதாக வந்த குச்சிப் போத்தலைச் சரிபார்க்க அல்புமின் இல்லாத ஒரு சலம் தேவைப்பட்டது. வேறு யாரைத் தேடுவது என்று என்னுடையதையே கொடுத்தேன். குச்சி பச்சையாகியது. போத்தலுக்குள் ஈரம் போய்விட்டது என்று சொல்லி அந்தக் குச்சியை எறிந்தேன். இரண்டாவது குச்சியும் பச்சை. மூன்றாவதும் பச்சை. கூட வேலை செய்த பிள்ளை ஒன்றும் பேசாமல் தன்னுடைய சலத்தைக் கொண்டுவந்து அதே போத்தல் குச்சியைத் தோய்த்தாள். மஞ்சளாகவே இருந்தது.

சீனி வருத்தம் எனக்கு அப்போது ஒன்பது வருடம். ஊர் முழுவதற்கும் பிளஸ் போட்ட கை, தன் சலத்தை ஒரு தடவைகூடத் தோய்த்துப் பார்த்ததில்லை. அந்தக் கிழமையே ஏ.சி.ஆர் எடுத்தேன்: 180. கிரியேட்டினின் 1.2. இன்று, 67 வயதில், 1.6. ஜி.எஃப்.ஆர் 70இலிருந்து 47க்கு இறங்கியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டரை. வயதுக்குத் தானாக இறங்குவது வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால், மிச்சத்துக்கு வருத்தம்தான் பொறுப்பு.

22.05.2024

நேற்றைய கதையால் பழைய ஞாபகங்கள் கிளம்பிவிட்டன. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குச்சியை எண்ணி எண்ணித்தான் எடுப்போம். மற்றவர்களுக்குக் காய்ச்சிப் பார்க்கும் முறை. பரிசோதனைக் குழாயில் முக்கால்வாசி சலம். அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சூடாக்க வேண்டும். மேலே வெண்புகை போலக் கலங்கினால் இரண்டு சொட்டு அசற்றிக் அமிலம். கலங்கல் கரைந்தால் பொஸ்பேற்று. நின்றால் புரதம். கறுத்த துணியைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் நூல் கலங்கலும் தெரியும். 1827இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் கரண்டியில் சலத்தை விட்டு மெழுகுதிரியில் காய்ச்சிக் காட்டியதும் இதைத்தான். வீங்கிய உடல், கலங்கும் சலம், இறந்தபின் பார்த்தால் கெட்டுப்போன சிறுநீரகம் என்று மூன்றையும் ஒரே நூலில் கோத்தவர் அவர்.

ஸ்பிரிட் கிடைக்காத நாட்களில் சிமினி விளக்கிலும் காய்ச்சியிருக்கிறோம். குழாயில் கரி பிடித்து ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. ஏ.சி.ஆர் வருமுன் 24 மணி நேரச் சலத்தைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வோம். ஒருவர் ஐந்து லீட்டர் கானில் நிரப்பி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் கள்ளு என்று நினைத்து இறக்கிவிடப் பார்த்தாராம். "மூடியைத் திறந்து மணந்து பாரும்" என்று சொன்ன பிறகு பஸ் ஓடியது.

27.05.2024

நெருஞ்சிமுள் கசாயம் குடித்தால் கசிவு குறையும் என்று எழுதியவருக்கு. குறையும். எனக்கே குறைந்தது. 310இலிருந்து 34க்கு.

நடந்ததைச் சொல்கிறேன். 2019இல் என் ஏ.சி.ஆர் 310. மனம் உடைந்து போயிருந்தேன். மனைவியின் தமையன் நெருஞ்சிமுள்ளும் சீரகமும் போட்டு அவித்துக் குடிக்கச் சொன்னார். நாற்பது நாள் குடித்தேன். வழமையான ஆய்வுகூடம் அன்று பூட்டியிருந்ததால் வேறொரு தனியார் இடத்தில் கொடுத்தேன். 34 என்று வந்தது. அன்று இரவு அவருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். கனடாவில் இருக்கும் தம்பிக்கும் அரைக் கிலோ நெருஞ்சிமுள் பார்சல் கட்டினேன்.

மூன்று நாள் கழித்துக் கிளினிக் கொப்பியில் ஒட்டப் போகும்போதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததை வாசித்தேன். மி.கி./மில்லிமோல். என் பழைய தாள்கள் எல்லாம் மி.கி./கிராம். 8.84ஆல் பெருக்க வேண்டும். 34 தர 8.84, முந்நூறு. ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது.

முப்பது வருடம் அலகு எழுதிய மனிதன் நான். பார்சல் அதற்குள் போய்விட்டது. தம்பியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவன் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

02.06.2024 – திருத்தம்

15ஆம் திகதி எழுதிய "நிம்மதியாகப் படுக்கலாம்" என்ற வரியை நான் வாபஸ் வாங்குகிறேன். வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய மாமா நெல் விவசாயி, சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, யூ.எஃப்.ஆரில் அல்புமின் இல்லை என்றே வந்துகொண்டிருந்தது, ஒரு நாள் பார்த்தால் கிரியேட்டினின் 4.

அவர் சொல்வது சரி, நான் சொன்னது பிழை. தொண்ணூறுகளிலிருந்து வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில், வயலில் வேலை செய்பவர்களைப் பிடித்த காரணம் தெரியாத சிறுநீரக நோய் அந்த விதம். வவுனியாப் பக்கமும் அது உண்டு. அதில் முதலில் கெடுவது வடி அல்ல, வடிக்குப் பின்னால் உள்ள நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள இழையமும். வடி நன்றாக இருப்பதால் அல்புமின் வெகுநாள் கசியாது, கசிந்தாலும் கொஞ்சம். குழாய்கள் திருப்பி உறிஞ்ச வேண்டிய சின்னச் சின்னப் புரதங்கள்தான் வெளியே போகும். எங்கள் குச்சிக்கு அல்புமினைத்தான் வடிவாகத் தெரியும். அவற்றைக் காணாது.

ஆகவே அங்கு வயல் வேலை செய்பவருக்குக் குச்சி மட்டும் போதாது, கிரியேட்டினினும் வேண்டும். சீனி வருத்தக்காரருக்கும் அப்படித்தான். அல்புமின் கசியாமலே ஜி.எஃப்.ஆர் இறங்குபவர்கள் இருக்கிறார்கள்.

09.06.2024

அல்புமின் கசிவது வருத்தத்தின் அடையாளமா, அல்லது அதுவே வருத்தத்தைக் கூட்டுகிறதா? நல்ல கேள்வி. இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

கள்ளு வடிக்கும் பன்னாடையை நினைத்துக்கொள்ளும். நல்லதைக் கீழே விட்டுக் கோதைப் பிடித்து வைக்கும். சிறுநீரக வடி அதற்கு மறுவளம்: கழிவைக் கீழே விட்டு நல்லதை இரத்தத்திலேயே நிறுத்தும். ஒரு நாளில் 180 லீட்டர் இந்த வடியைத் தாண்டுகிறது. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் குழாய்கள் திருப்பி எடுத்துவிடுகின்றன. வடி பழுதானால் அல்புமின் குழாய்க்குள் கொட்டுகிறது. அதை உள்ளே இழுத்துச் செரிக்க முயன்று குழாய்க் கலங்கள் நொந்து, சுற்றிலும் அழற்சி கிளம்பி, தழும்பு விழுகிறது என்பது ஒரு விளக்கம்.

மற்றது அமுக்கம் பற்றியது. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் வடிகள். எங்கள் அப்பு காலத்தில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களைக் கேட்டால் தெரியும். பத்துப் பேர் மாறி மாறி மிதித்த துலாவை ஐந்து பேர் மிதித்தால் தண்ணீர் அன்றைக்கு அதே அளவுதான் வரும். ஆட்கள்தான் முறிவார்கள். பிறகு நான்கு பேர். பிறகு மூன்று. மிஞ்சிய வடிகள் கூடுதல் அமுக்கத்தில் ஓடி, கசிந்து, தாங்களும் கெடுகின்றன. 1982இல் பிரென்னரும் கூட்டாளிகளும் முன்வைத்த கருத்து இது. லோசார்ட்டன் போன்ற பிரஷர் குளிசைகள் வடியிலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கி அமுக்கத்தைக் குறைக்கின்றன. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில் சீனி வருத்தமும் அல்புமின் கசிவும் உள்ள 1513 பேரில் லோசார்ட்டன் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது குறைந்தது. முதல் ஆறு மாதத்தில் யாருக்குக் கசிவு கூடுதலாகக் குறைந்ததோ அவர்களுக்கே நன்மையும் கூடுதல்.

ஆகவே காரணமும்தான் என்று எழுத வந்தேன். அடுத்த குறிப்பு வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

16.06.2024

இல்லை, அவ்வளவு நேராக இல்லை.

கசிவு குறைந்தால் நல்லது என்றால், அந்த வகையில் இரண்டு குளிசையைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதாக இருக்க வேண்டும். 2008இல் ரமிப்ரிலையும் டெல்மிசார்ட்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் கசிவு குறைந்தது. ஆனால் டயாலிசிஸ், கிரியேட்டினின் இரட்டிப்பு போன்றவை குறையவில்லை, கூடின. இன்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

மூட்டுவலிக் குளிசையும் அப்படித்தான். "டிக்ளோபெனாக் எடுத்த கிழமை என் அல்புமின் குறைந்தது, அப்படியென்றால் நல்லதுதானே" என்று கேட்டவருக்கு இதுவே பதில். அந்த வகைக் குளிசை வடிக்கு வரும் இரத்தத்தையே மறிக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் வாய்க்காலும் உடையாது. முழங்காலுக்காக அதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நான்கு மாதம் விழுங்கியவன் நானும்தான். கிரியேட்டினின் 1.4இலிருந்து 1.8க்குப் போனது. நிறுத்தியபின் 1.5க்கு வந்தது. 1.4க்குத் திரும்பவில்லை.

அப்படியானால் அல்புமினை விளக்கெரிவது போல வைத்துக்கொள்கிறேன். விளக்கு அணைந்தால் நெருப்பு அணைந்ததா, அல்லது எண்ணெய் தீர்ந்ததா என்று கிரியேட்டினினைக் கேட்க வேண்டும்.

17.06.2024

விளக்கு உவமை சரியில்லை என்று மனைவி சொல்கிறார். பன்னாடையோடு நிறுத்தியிருக்கலாமாம்.

07.07.2024

சுன்னாகத்துத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். அப்பாவின் ஏ.சி.ஆர் 212, இரண்டாம் முறை 236. அலகு மி.கி./கிராம் என்று பார்த்துத்தான் எழுதினாராம். நல்ல பிள்ளை. கிளினிக்கில் லோசார்ட்டன் 50 தொடங்கினார்கள். மூன்று கிழமையில் கிரியேட்டினின் 1.3இலிருந்து 1.5. உடனே அம்மா குளிசையை ஒளித்துவிட்டார்.

அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லும்: அமுக்கத்தைக் குறைத்தால் வடிவது முதலில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 30 வீதம் வரை ஏறினால் வைத்தியர்கள் பொறுப்பார்கள். 1.3க்கு 30 வீதம் என்றால் 1.69. அப்பா 1.5இல் நிற்கிறார். பார்க்க வேண்டியது பொட்டாசியம். அது என்ன வந்தது என்று நீர் எழுதவில்லை. குளிசையை நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கிளினிக்கில் தீர்மானிக்கட்டும், அலுமாரியில் அல்ல.

நானும் 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் இரண்டு மாதம் லோசார்ட்டன் இல்லாமல் இருந்தேன். கிளினிக்குக்குப் போக வழியில்லை, கடையிலும் இல்லை. 240 ஆக இருந்த ஏ.சி.ஆர் 420 ஆனது. திரும்ப இறக்க ஒரு வருடம் பிடித்தது. பிறகு சீனி வருத்தக் குளிசையான டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்தார்கள். 2020இல் வந்த அதன் ஆய்வில் 4304 பேர், மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குச் சீனி வருத்தமே இல்லை, அவர்களுக்கும் உதவியது.

08.07.2024

பொட்டாசியம் 5.4 என்கிறார். நாளொன்றுக்கு இரண்டு இளநீர் குடிக்கிறாராம். "கிட்னிக்குக் குளிர்ச்சி" என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னாராம்.

தம்பி, நிறுத்தும். ஓர் இளநீரில் அரைக் கிராமுக்கு மேல் பொட்டாசியம். லோசார்ட்டன் அதை வெளியே போக விடாமல் பிடிக்கும் குளிசை. பொட்டாசியம் எல்லை தாண்டினால் நிற்பது சிறுநீரகம் அல்ல, இருதயம். இரத்தத்தைத் திரும்பச் சோதிக்கும் திகதியைக் கிளினிக்கில் இன்றே கேட்டு வாரும்.

21.07.2024

உப்பு. நாளைக்கு ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. அதில் கருவாடும் மோர்மிளகாயும் அப்பளமும் அடக்கம். நான் வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டில்தான் உப்பைக் கூடுதலாகத் தின்கிறேன் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மரக்கறி என்றாலே சுத்தம் என்று நினைத்து ஊறுகாயை அள்ளிப் போட்டிருக்கிறேன். உப்புக் குறையாவிட்டால் லோசார்ட்டன் பாதி வேலைதான் செய்யும். கருவாட்டை விட்டு ஒரு வருடம் ஆகிறது. குழம்பு கொதிக்கும் வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்.

25.08.2024

நல்லூர்த் திருவிழா. அப்பா பிரதட்டை செய்யலாமா, கோயில் வீதியைச் சுற்றி உருளலாமா என்று தம்பி கேட்கிறார். அதை வைத்தியரிடமும் முருகனிடமும் கேளும். என்னிடம் கேட்டால், அடுத்த நாள் சலம் கொடுக்காதீர் என்பேன். உடம்பை வருத்திய மறுநாள் அல்புமின் பொய் சொல்லும்.

எத்தனை வருடத்தில் டயாலிசிஸ் என்ற முதல் கேள்வியையும் நான் மறக்கவில்லை. வயது, ஆணா பெண்ணா, ஜி.எஃப்.ஆர், ஏ.சி.ஆர் என்ற நான்கையும் போட்டால் இரண்டு வருட, ஐந்து வருடச் சாத்தியத்தை வீதமாகச் சொல்லும் கணக்கு ஒன்று 2011 முதல் இருக்கிறது. ஜி.எஃப்.ஆர் 60க்குக் கீழ் இறங்கியவர்களுக்கானது. உமது அப்பா 64இல் தொடங்கினார்; லோசார்ட்டனால் ஏறிய கிரியேட்டினினை வைத்து இப்போதே போட்டுப் பயப்பட வேண்டாம், மூன்று மாதம் நின்று ஓய்ந்த எண் வரட்டும். எனக்குப் பொருந்தும். போட்டுப் பார்த்தேன். வந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன், மனைவியும் இதை வாசிக்கிறார்.

11.09.2024

அப்பாவின் ஏ.சி.ஆர் 128. கிரியேட்டினின் 1.4, பொட்டாசியம் 4.7. அம்மா மீன் சமைக்கிறார், உப்பைக் குறைத்து. பக்கத்து வீட்டு ஐயா மட்டும் இளநீர்க்காரனை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம்.

12.09.2024

காலையில் என் போத்தலையும் கொடுத்துவிட்டு வந்தேன். பின்னேரம் எடுத்தேன். 287. மி.கி./கிராம், இரண்டு தடவை பார்த்தேன்.